பேய்க்கும் ஒரு கட்டு வேண்டாமா? ஆயாவும் பேரனும் சேர்ந்து பார்க்க என்ன போடலாம்?

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்:

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அக்கா பையன் நெய்வேலியிலிருந்து வந்துவிடுவான். ஐந்தாவது படிக்கிறான், டீமன் ஸ்லேயர் என்கிற ஜப்பான் அனிமேஷன் தொடர் மீது பைத்தியம். எங்கள் அம்மாவுக்கோ ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பாம்போ பேயோ பில்லி சூனியமோ ஏதாவது ஒரு சீரியல் ஓடியாக வேண்டும். வீட்டில் டிவி ஒன்றுதான். ரிமோட்டுக்காக ஆயாவும் பேரனும் போடுகிற சண்டையைக் கோடை லீவிலேயே பார்த்து அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்கார வைக்கிற மாதிரி, மாயம் மந்திரம் ஆவி இதெல்லாம் உள்ள படமோ தொடரோ சொல்லுங்கள். அனிமேஷன் என்றால் இன்னும் நல்லது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். அமானுஷ்யக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தொடராக வருவதில் முக்கால்வாசி எனக்கு ஒத்து வருவதில்லை, காரணம் ஒன்றே ஒன்றுதான், அங்கே பேய்க்கு ஒரு கட்டு கிடையாது. முதல் வாரம் எலுமிச்சம்பழத்தைப் பார்த்து அலறி ஓடிய பேய், நாலாவது வாரம் கோயில் மண்டபத்திலேயே நின்றுகொண்டு மூன்று பக்க வசனம் பேசுகிறது. எங்கள் அம்மாவே ஒரு நாள் கேட்டார்: "ஏண்டா, போன வாரம் கண்ணாடியில பாம்பாத் தெரிஞ்சா இல்ல, இன்னிக்கு அதே கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாருறா, ஒண்ணையும் காணோமே?" நான் என்ன பதில் சொல்வது? எழுதியவரைக் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது.

அனிமேஷன் படங்களில் இந்தத் தொல்லை குறைவு. ஹயாவோ மியாசாகியின் ஸ்பிரிட்டட் அவே 2001-ல் வந்த படம், இன்றைக்கும் அதைத் தாண்டி ஒரு ஆவி உலகத்தை நான் பார்க்கவில்லை. சிஹிரோ என்கிற பத்து வயதுப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆளில்லாத கடையில் குவித்து வைத்திருந்த பண்டத்தைக் கேட்காமல் எடுத்துத் தின்று பன்றியாகிவிடுகிறார்கள். அந்த உலகத்துச் சாப்பாட்டில் ஒரு வாயாவது சாப்பிடாவிட்டால் இவள் கரைந்து மறைந்துவிடுவாள். குளியல் மாளிகையில் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால் சூனியக்காரி அவளையும் மிருகமாக்கிவிடுவாள். சொந்தப் பெயரை மறந்தால் ஊர் திரும்பவே முடியாது. இவ்வளவையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள், கடைசிவரை ஒன்றைக்கூட மீறுவதில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. விதி தெரிந்தால்தானே எங்கே மாட்டிக்கொள்வாளோ என்று நமக்குப் பதறும்?

அதிலேயே ஒரு காட்சி. சேறும் நாற்றமுமாக ஒரு விருந்தாளி குளிக்க வருகிறான், எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இவள் மட்டும் அவன் விலாவில் ஏதோ முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கயிறு கட்டி இழுக்கிறாள். வருவது ஒரு சைக்கிள் ஹேண்டில்பார், அதன் பின்னாலேயே முழு சைக்கிள், அப்புறம் ஊர்க் குப்பை மொத்தமும் கொட்டுகிறது. கடைசியில் பார்த்தால் அவன் ஒரு ஆற்றுத் தெய்வம். மியாசாகி தானே ஒரு ஆற்றைச் சுத்தம் செய்யப்போன இடத்தில் சைக்கிளை இழுத்த அனுபவம் அது என்று சொல்லியிருக்கிறார். சிப்காட் பக்கம் உப்பனாற்றைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

சரி, என் நிபந்தனைகள். ரத்தம் ரொம்ப வேண்டாம். அம்மாவுக்கு ஓடுகிற ஆங்கில எழுத்தைப் படிக்க வராது, தமிழில் கிடைத்தால் உத்தமம், இல்லாவிட்டால் பார்த்தாலே புரிகிற மாதிரி இருக்கட்டும்.


உப்பளம் ஜோ, புதுச்சேரி:

கோகோ போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 2017-ல் வந்த பிக்ஸார் படம், மெக்சிகோவில் இறந்தவர்களை நினைக்கிற நாளில் நடக்கிற கதை. நீங்கள் கேட்கிற கட்டு அதில் கச்சிதமாக இருக்கிறது. வீட்டுப் படையலில் உங்கள் போட்டோ இருந்தால்தான் அன்றைக்கு எல்லையைத் தாண்டி வீட்டுக்கு வர முடியும். உயிரோடு இருப்பவர்களில் ஒருத்தருக்குக்கூட உங்கள் ஞாபகம் இல்லை என்றால் அந்த உலகத்திலும் மங்கி மறைந்துவிடுவீர்கள். பாலம் முழுக்க துலுக்க சாமந்தி இதழ். இதைப் பார்க்கிற யாருக்கும் உரை எழுத வேண்டாம். உங்கள் அம்மா ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவராக இருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே கதையைப் பிடித்துக்கொள்வார். நாங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு உப்பளம் கல்லறையில் மெழுகுவத்தியும் பூவும் வைத்துவிட்டு வருகிறவர்கள், எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு என் மாமியார் அழுத அழுகையைப் பார்த்து பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

இன்னொன்று, அதிகம் பேருக்குத் தெரியாதது. பிரெஞ்சு படித்த காலத்தில் பார்த்தேன், கிரிகு என்று ஒரு படம், 1998, மிஷேல் ஓஸ்லோ எடுத்தது, இசை யூசு ந்தூர். மேற்கு ஆப்பிரிக்கக் கிராமம். தாயின் வயிற்றுக்குள் இருந்தே "அம்மா, என்னைப் பெற்றெடு" என்று பேசுகிற குழந்தை, தானே வெளியே வந்து, தானே தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டு, ஊர் ஆண்களைத் தின்றுவிட்டாள் என்று எல்லோரும் நம்புகிற சூனியக்காரியைத் தேடிப் போகிறது. ஆள் முழங்கால் உயரம்கூட இல்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் எப்படித் தப்பிப்பது என்று பார்க்கும்போது, "அவள் ஏன் கெட்டவளாக இருக்கிறாள்?" என்று ஒவ்வொருத்தரிடமும் போய்க் கேட்கிறது. அதற்கு ஒரு பதிலும் படத்தில் இருக்கிறது, சொன்னால் சுவை போய்விடும். வசனம் புரியாவிட்டாலும் படம் புரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்த ஊர்ப் பெண்கள் மேலாடை இல்லாமல்தான் இருப்பார்கள், கிராமத்து வழக்கம் அப்படி. உங்கள் அம்மா அதைக் கண்டுகொள்ள மாட்டார், அக்கா ஒருவேளை கண்டுகொள்வார்.


வின்செஸ்டர் தம்பி, லாஸ்பேட்டை:

அண்ணே, தொடர் என்றாலே கட்டு கிடையாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்களே. சூப்பர்நேச்சுரல் பார்த்ததில்லையா? 2005-ல் ஆரம்பித்து 2020-ல் முடிந்தது, 15 சீசன், 327 எபிசோட். அண்ணன் தம்பி இரண்டு பேர், 67-ஆம் வருஷத்து கறுப்பு இம்பாலா கார், ஊர் ஊராகப் போய்ப் பேய் ஓட்டுவதுதான் தொழில். அதில் வருகிற பேய்க்கு எல்லாம் முறை உண்டு. வாசலிலும் ஜன்னலிலும் உப்பைக் கோடாகக் கொட்டினால் உள்ளே வராது, அந்தக் கோடு கலைந்தால் வந்துவிடும். இரும்பு பட்டால் கொஞ்ச நேரம் கலைந்துபோகும். ஒரேயடியாகத் தொலைய வேண்டுமானால் புதைத்த எலும்பைத் தோண்டி உப்பைக் கொட்டி எரிக்க வேண்டும். எலும்பை எரித்த பிறகும் பேய் போகவில்லை என்றால் அதன் தலைமுடியோ ரத்தமோ எங்கேயோ ஒரு பொருளில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடிப்போவதுதான் பாதி எபிசோட். உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போடுகிற, ராத்திரியில் வெளியே போகும்போது இரும்பைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிற நம் பாட்டிமார்களைக் கூட்டிப்போய் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார வைக்கலாம், வேலை சுளுவாக முடியும்.

அஞ்சாவது சீசனுக்கு அப்புறம் இழுத்தார்கள், அதை யார் இல்லை என்றார்கள். தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி போட்டு வைத்த கதை அதோடு முடிந்தது, அவர் பொறுப்பையும் கை மாற்றிவிட்டார். பிறகு செத்தவர்கள் திரும்பி வருவதும், மறுபடி சாவதும், தேவதூதர்களுக்குள் பங்காளிச் சண்டையும் என்று எங்கேயோ போனது. ஆனாலும் நான் விடவில்லை. ஏனென்றால் அதற்குள் நான் பேயைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த அண்ணனையும் தம்பியையும் பார்க்க ஆரம்பித்திருந்தேன். இரண்டு மணி நேரப் படத்தில் ஒருத்தனோடு அவ்வளவு பழக முடியுமா? சிஹிரோ ஊருக்குத் திரும்பினாள், சந்தோஷம், அவளுக்கு இப்போது என்ன வயது, என்ன செய்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

உங்களுக்காகவே ஒரு எபிசோட் சொல்கிறேன். 13-ஆம் சீசன், 2018, இந்த இரண்டு பேரும் டிவிக்குள் இழுக்கப்பட்டு ஸ்கூபி டூ கார்ட்டூனுக்குள் விழுந்துவிடுவார்கள். ஸ்கூபி டூவில் 1969-லிருந்தே ஒரு வழக்கம் உண்டு, பேய் என்று வருவது கடைசியில் முகமூடி போட்ட ஒரு மனுஷனாகத்தான் இருக்கும். இங்கே நிஜப் பேய் வந்துவிடுகிறது. பேயே கிடையாது என்று நம்பிக்கொண்டிருக்கிற அந்தப் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று இவர்கள் தவிக்கிறார்கள். நீங்கள் பேசுகிற விஷயம் முழுவதும் அந்த ஒரு எபிசோடில் இருக்கிறது. ஐந்தாவது படிக்கிற பையனுக்குத் தொடர் முழுவதையும் போடாதீர்கள், இந்த ஒன்றை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.


ரிமோட் ராஜா:

கல்யாணம் பண்ணி பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் கார்ட்டூன் பார்த்து அழுகிறார்கள் போலிருக்கிறதே. நல்லா இருங்கள்.


ஃபிரேம் 24:

ராஜா அண்ணன், கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ் என்று ஒரு கார்ட்டூன் இருக்கிறது. 1988, இசாவோ தகஹாதா. போரில் தாயை இழந்த அண்ணனும் குட்டித் தங்கையும். தனியாக உட்கார்ந்து பாருங்கள், பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தப் படத்தையும் மியாசாகியின் குழந்தைகள் படமான மை நெய்பர் டோட்டோரோவையும் ஜப்பானில் ஒரே டிக்கெட்டில் ஜோடியாகத்தான் திரையிட்டார்கள். எது முதலில் ஓடியதோ, அதைப் பொறுத்துத்தான் ஜனங்கள் வீடு போய்ச் சேர்ந்த நிலைமை இருந்திருக்கும்.

கெடிலக்கரை கேட்டதற்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர், இப்போது சென்னையில் அனிமேஷன் வேலை. அனிமேஷன்காரர்கள் எல்லாம் புத்திசாலி, சீரியல்காரர்கள் எல்லாம் மட்டம் என்று இங்கே ஒரு பேச்சு ஓடுகிறது, அது சரியில்லை. வேலை நடக்கிற விதம்தான் காரணம். சினிமாவுக்கு ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். கையால் வரைகிறவர்கள் பல இடங்களில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி, வினாடிக்கு 12 படமாக வரைவார்கள், அப்படியும் ஒரு ஆள் வாரம் முழுக்க உட்கார்ந்தால் கையில் நிற்பது சில வினாடிகள்தான். அதனால் யாரும் கையை வைப்பதற்கு முன்பே முழுப் படத்தையும் பென்சில் ஓவியமாக வரிசைப்படுத்தி, தற்காலிகக் குரல் போட்டு, ஓட்டிப் பார்த்துவிடுவோம். கதையில் ஓட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். "இவளுக்குத்தான் பறக்கத் தெரியுமே, பிறகு ஏன் ஏணி தேடுகிறாள்?" என்று அறையில் யாராவது ஒருத்தர் கேட்டே தீருவார். அந்தக் கேள்விக்கு அப்போது பதில் கண்டுபிடித்தால் செலவு ஒரு பென்சில். வரைந்து முடித்த பிறகு கண்டுபிடித்தால் தயாரிப்பாளர் தலையில் துண்டு.

தினசரித் தொடரில் நிலைமை தலைகீழ். இன்றைக்கு எழுதி நாளைக்கு எடுக்கிறார்கள், வியாழக்கிழமை டிஆர்பி வருகிறது, ஒரு பாத்திரம் எடுபட்டால் செத்தவளையும் எழுப்பியாக வேண்டும், நடிகை வேறு சீரியலுக்குப் போய்விட்டால் உயிரோடு இருப்பவளுக்கு மாலை போட வேண்டும். அந்தக் கண்ணாடி விஷயத்தில் எழுதியவரைத் திட்டாதீர்கள், போன வாரம் எழுதியவரும் இந்த வாரம் எழுதியவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

விதி வரையும் விதத்திலேயே இருக்க முடியும் என்பதற்கு ஒரு உதாரணம். 2018-ல் வந்த ஸ்பைடர்-வெர்ஸ் முதல் படத்தில், புதிதாக ஸ்பைடர்மேன் ஆன பையன் மைல்ஸும் பழகிய ஸ்பைடர்மேனான பெரிய பீட்டரும் காட்டுக்குள் வலையில் தாவிப் போகிற இடம் இருக்கிறதே, அங்கே பீட்டரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாக அசைத்திருக்கிறார்கள், மைல்ஸை மட்டும் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு தடவை. ஒரே காட்சியில் ஒருத்தன் வழுக்கிக்கொண்டு போகிறான், இன்னொருத்தன் தட்டுத்தடுமாறுகிறான். பையனுக்கு வித்தை இன்னும் கை வரவில்லை என்று யாரும் வாய் திறந்து சொல்லவே இல்லை, பார்க்கிறவனுக்கு உடம்பில் தெரிகிறது. தமிழில் கோச்சடையான் 2014-ல் நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து எடுத்தது, முயற்சியைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அசைவு வந்த அளவுக்குக் கண்ணில் உயிர் வரவில்லை. ரஜினியின் கண்ணை நமக்கு மனப்பாடமாகத் தெரியும் என்பதுதான் அவர்களுக்கு வந்த சோதனை.

பாண்டிச்சேரிக்காரர்கள் லைஃப் ஆஃப் பை பற்றிப் பெருமையாகப் பேசுவீர்கள். பேசுங்கள், உங்கள் ஊர்க் கதைதான். ஆனால் அந்தப் புலியின் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது, அதே மாதம் அந்தப் புலிக்காக ஆஸ்கார் வாங்கியது. எங்கள் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் நான் இதை மட்டும்தான் சொல்வது.


வில்லியனூர் அக்கா:

எல்லோரும் அமெரிக்கா, ஜப்பான் என்று சுற்றுகிறீர்கள். தொண்ணூறுகளில் சன் டிவியில் மர்மதேசம் பார்த்தவர்கள் ஒருத்தர்கூட இங்கே இல்லையா? பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து. ரகசியம் கதையில் நவபாஷாண லிங்கம், பைரவர் கோயில், இருட்டிய பிறகு கோயிலுக்குள் தங்கினால் பிணமாகத்தான் வெளியே வரமுடியும். அப்புறம் விடாது கருப்பு. ஊரில் யார் தப்பு செய்தாலும் கருப்பு வெள்ளைக் குதிரையில் வந்து தண்டிக்கிறது. நாங்கள் அந்த நாட்களில் ராத்திரி கொல்லைப்பக்கம் போவதற்குத் துணை கூப்பிடுவோம், எந்த மாட்டுவண்டி போனாலும் குதிரைக் குளம்புச் சத்தமாகவே கேட்கும்.

அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒவ்வொரு சம்பவத்துக்கும் கடைசியில் இரண்டு கணக்கு இருக்கும். கருப்புதான் செய்தது என்று நம்புகிறவனுக்கும் பொருந்தும், மனுஷ மனசின் கோளாறு என்று சொல்கிற டாக்டருக்கும் பொருந்தும். இரண்டில் ஒன்றை நம் வாயில் திணிக்க மாட்டார்கள். கெடிலக்கரை சொல்கிற கட்டு இதுவும்தான். எழுதுகிறவருக்கு முடிவு தெரிந்திருந்தது, அதனால் முதல் வாரத்தில் போட்ட முடிச்சைக் கடைசி வாரத்தில் அவிழ்த்தார். அவர் 2024 நவம்பரில் காலமாகிவிட்டார். தொடர் கவிதாலயா யூடியூப் பக்கத்தில் கிடைக்கிறது. படப்பிடிப்பு இப்போது பார்த்தால் பழசாகத்தான் தெரியும், பின்னணி இசை மட்டும் இன்னும் வேலை செய்கிறது. உங்கள் அம்மா நிச்சயம் அந்தக் காலத்திலேயே பார்த்திருப்பார், அவரையே பேரனுக்குக் கதை சொல்ல விடுங்கள்.

புதிதாக வந்ததில் 2024-ல் அமேசானில் வந்த இன்ஸ்பெக்டர் ரிஷி பரவாயில்லை. காட்டுக்குள் பிணங்கள் சிலந்திக் கூடு மாதிரி நூல் சுற்றிக் கிடக்கும், வனரட்சி என்கிற காட்டு ஆவி செய்தாள் என்று ஊர் சொல்லும், போலீஸ் நம்பாது. பத்து எபிசோட், இரண்டு எபிசோடைக் குறைத்திருக்கலாம். ஆனால் பையனோடு பார்க்க வேண்டாம். அதே மாதிரி 2022-ல் வந்த சுழல், மயானக் கொள்ளையைப் பின்னணியாக வைத்து எடுத்தது, பேய்க் கதை இல்லை, குற்றக் கதை. எங்களுக்கெல்லாம் மேல்மலையனூர் பக்கத்து ஊர் மாதிரி, மாசியில் கொழுக்கட்டையும் சுண்டலும் சூறை விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தொடரில் அது நன்றாகவே வந்திருந்தாலும் எனக்கு என்னமோ நிஜத்தில் பாதிதான் இருந்தது என்று தோன்றியது.


ஓ.டி. பையன், கடலூர் முதுநகர்:

எல்லோரும் பெரிய பெரிய பேச்சு பேசுகிறீர்கள், கேள்விக்கு நேரான பதில் கண் முன்னால் இருக்கிறது. ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்! அனிமேஷன், அமானுஷ்யம், தமிழ் டப்பிங், ரத்தம் கிடையாது, குடும்பக் கதை. சுட்டி டிவியில் ஓடிய காலத்தில் எங்கள் தெருவில் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு ஓடுவோம். பன்னிரண்டு தாயத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சக்தி. சேவல் என்றால் பொருளை அந்தரத்தில் தூக்கும், பாம்பு என்றால் மறைய வைக்கும், நாய் என்றால் சாவு கிடையாது, செம்மறியாடு என்றால் உடம்பை விட்டு ஆவி வெளியே போகும். எலித் தாயத்தை ஒரு சிலைக்குள் வைத்தால் சிலைக்கு உயிர் வரும். அந்த எலி எதிரி கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நமக்கு முன்னாடியே தெரியும், அதனால் அது சாக்கடையில் உருண்டு போகிற போதெல்லாம் வயிற்றைப் பிசையும். கெடிலக்கரை அண்ணன் கேட்கிற கட்டு இதைவிட சுத்தமாக எங்கே இருக்கிறது?

மந்திரத்தை மந்திரத்தால்தான் முறியடிக்க வேண்டும் என்று அதில் வருகிற ஜாக்கியின் மாமா ஓயாமல் சொல்வார், சொல்லிவிட்டு உலர்ந்த பல்லி ஒன்றைக் கையில் எடுப்பார். உங்கள் அம்மாவுக்கு அவரைப் பிடிக்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.


தவளக்குப்பத்தான்:

வயதில் உங்கள் எல்லோருக்கும் மூத்தவன் என்று நினைக்கிறேன், இந்தக் கட்டு சமாசாரத்தை ஜப்பான்காரனிடம் போய்ப் படிக்க வேண்டுமா? இரணியன் கதை என்ன? மனுஷனாலும் சாகக் கூடாது மிருகத்தாலும் கூடாது, பகலிலும் கூடாது இரவிலும் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது வெளியிலும் கூடாது, தரையிலும் கூடாது ஆகாயத்திலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது. இத்தனை வரத்தையும் வாங்கிக்கொண்டு கூத்துக் களரியில் இரணியன் வேஷக்காரன் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி ஆடும்போது உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். தெரிந்தும் விடிய விடிய முழித்திருப்பார்கள். ஏன்? ஒரு வரத்தைக்கூட மீறாமல் சாமி அவனை எப்படி முடிக்கப்போகிறது என்று பார்க்க. அந்தி நேரம், வாசற்படி, மடி, நகம். வரம் கொடுத்தவன் வாக்கும் பொய்க்கவில்லை, ஆளும் தப்பவில்லை. இதற்கு மேல் ஒரு திரைக்கதை உண்டா?

போன வருஷம், அதாவது 2025 ஜூலையில், மகாவதார் நரசிம்மா என்று அனிமேஷன் படமாகவே வந்தது, அஸ்வின் குமார் இயக்கம், தமிழிலும் வந்தது. என் பேத்தி பிடிவாதம் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் பாதியில் பொம்மைகளின் முகம் கொஞ்சம் மரமாக இருக்கிறது, சண்டை நீளம், இரைச்சல். ஆனால் தூண் பிளக்கிற இடத்திலிருந்து கடைசிவரை நான் பேசவில்லை. தியேட்டரில் சில பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நமக்குத்தான் பக்கத்திலேயே சிங்கிரிகுடி இருக்கிறதே, பதினாறு கையோடு இரணியனை மடியில் போட்டுக்கொண்டு நிற்கிற மூலவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கண்ணுக்குப் படத்தில் வந்த கை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணத் தோன்றியது. பையனுக்கும் ஆயாவுக்கும் இதைப் போடுங்கள், அடுத்த நாள் காலையில் சிங்கிரிகுடிக்கு பஸ் ஏறுங்கள்.

இன்னொன்றும் பார்க்கலாம். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம் ஆள் ராம் மோகனோடு சேர்ந்து தொண்ணூறுகளில் எடுத்த ராமாயணம். 2025 ஜனவரியில் தியேட்டரில் மறுபடியும் வந்தபோது தமிழிலும் விட்டார்கள். கும்பகர்ணனை எழுப்புகிற காட்சிக்காகவே பார்க்கலாம்.


வின்செஸ்டர் தம்பி:

பெரியவரே, நீங்கள் சொன்ன இரணியன் கதை எனக்குத்தான் சாதகம். முடிவு தெரிந்தும் விடிய விடிய உட்காருகிறார்கள் என்றால் அது வரத்துக்காக மட்டும் இல்லை, அந்த அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் நடக்கிற வழக்குக்காக. "உன் சாமி எங்கேடா?" என்று பெற்றவனே கேட்கிறான், பிள்ளை பயப்படாமல் பதில் சொல்கிறான். பேய் எப்படிச் சாகும் என்பது இரண்டாம் பட்சம். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் முதல் சீசன் 2016-ல் வந்தபோது ஏன் எல்லோரும் பார்த்தார்கள்? காணாமல் போன பையனோடு பேச ஒரு தாய் சுவரில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கு மேலும் ஒரு சீரியல் பல்பைத் தொங்க விட்டுக் காத்திருக்கிறாளே, அதற்காக. அந்தப் பையன் மாட்டிக்கொண்ட இன்னொரு உலகத்தின் சட்டதிட்டத்தை ஐந்து சீசனாக விளக்கிக்கொண்டே போனார்கள், விளக்க விளக்க எனக்கு சுவாரசியம் குறைந்தது. 2025 கடைசி நாளில் அமெரிக்காவில் முடித்தார்கள், நமக்குப் புத்தாண்டு காலை. முழுவதும் பார்த்தேன், ஆனால் அந்தப் பல்புச் சுவருக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை. கட்டு கூடிப்போனாலும் கெடுதிதான்.


உப்பளம் ஜோ:

இது நியாயமான பேச்சு. டோட்டோரோவில் கட்டே கிடையாதே? அந்தப் பெரிய ஜந்து ஏன் வருகிறது, யாருக்குத் தெரியும், பூனை பஸ் யாரை ஏற்றும், ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். இருந்தும் ஒரு இடத்தில்கூட நெருடவில்லை.


கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. டோட்டோரோ விஷயத்தில் ஜோவுக்கு ஒரு மறுப்பு: அங்கேயும் ஒன்று இருக்கிறது, பெரியவர்கள் கண்ணில் அது படாது. அந்த ஒன்று போதும். அப்பா அதைக் கேலி செய்யாமல், மரத்துக்கு முன்னால் பிள்ளைகளை நிற்க வைத்து வணக்கம் சொல்ல வைக்கிறார், அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு அந்த இடம் பிடிக்கும், வேப்பமரத்தைச் சுற்றாமல் அவர் எந்தக் காரியமும் செய்ததில்லை.

வின்செஸ்டர் தம்பி சொன்னதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆளும் வேண்டும், கட்டும் வேண்டும். ஆனால் ஆள் மட்டும் இருந்தால் போதும் என்றால் 327 எபிசோடுக்கு நான் வரவில்லை தம்பி, எனக்கு வேலை இருக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். முதலில் ஜாக்கி சான், தமிழில் இருப்பதால் சண்டை இல்லை. அடுத்து நரசிம்மா, அப்புறம் கோகோ. மர்மதேசத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன், "கருப்பு யாருன்னு நான் மூணாவது வாரமே சொல்லிட்டேன், உங்கப்பாதான் நம்பல" என்றார். உண்மையா பொய்யா என்று சரிபார்க்க அப்பா இல்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். பையன் எப்படியும் டீமன் ஸ்லேயரை ஆயாவுக்குக் காட்டியே தீருவேன் என்பான். அதன் இன்ஃபினிட்டி காசில் படத்தை 2025 செப்டம்பரில் தியேட்டரில் தமிழில் பார்த்ததிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. அம்மாவுக்கு அது தாங்குமா?


ஃபிரேம் 24:

தாங்கும். ஆனால் அந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், யார் யாரை ஏன் வெட்டுகிறார்கள் என்று ஒரு எழவும் புரியாது, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் வேறு. முதல் சீசன் முதல் எபிசோட் போடுங்கள். கரி விற்கப் போன அண்ணன் திரும்பி வரும்போது பனியில் குடும்பமே செத்துக் கிடக்கும், அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மிஞ்சியவள் ஒரு தங்கை, அவளும் அரக்கியாக மாறிக்கொண்டிருக்கிறாள், அண்ணன் அவளை முதுகில் சுமந்துகொண்டு கிளம்புகிறான். பாசமலர் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வெயில் பட்டால் அரக்கன் சாம்பல், விஸ்டீரியா என்கிற ஊதாப் பூ இருக்கிற இடத்துக்கு அரக்கன் வரமாட்டான், அம்மா "நம்ம வேப்பிலை மாதிரி" என்று தானே சொல்லிக்கொள்வார். தலை வெட்டுப்பட்ட ஒவ்வொரு அரக்கனும் சாகிற நேரத்தில் அவன் மனுஷனாக இருந்த காலத்துக் கதை வரும், அங்கே உங்கள் அக்கா பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போவான், அம்மா நகர மாட்டார்.

மியூசிக் சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள்.